ஷாங்காய் பண்ட்: சுங்க மாளிகையும் பக்கத்து வங்கியும்

ஷாங்காயின் ஆற்றங்கரைச் சாலையான பண்டில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் புதோங் கோபுரங்களைத்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கு வேலை இக்கரையில். 13-ஆம் எண் கட்டிடம், மணிக்கூண்டு வைத்த சுங்க மாளிகை. அதை ஒட்டியே 12-ஆம் எண், ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் பழைய ஷாங்காய் கிளைக் கட்டிடம்.  சுங்கம் வசூலித்தவனும் அதை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தவனும் இப்படி அக்கம்பக்கத்தில் குடியிருந்ததைப் பார்க்கத்தான் வந்தேன்.

கதை 1895-ல் சூடு பிடிக்கிறது. ஜப்பானிடம் தோற்ற சீனா நஷ்டஈடு கட்டக் கடன் தேடியது. கையில் இருந்த ஒரே உருப்படியான ஈடு துறைமுகச் சுங்கம். முதலில் ரஷ்யாவும் பிரான்சும் முந்திக்கொண்டு கடன் ஏற்பாடு செய்தன. விடுவார்களா? 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ், ஜெர்மன் வங்கிகள் சேர்ந்து தலா 1.6 கோடி பவுன் கொடுத்தன. கடன் தீரும்வரை சுங்க நிர்வாகம் இப்போது உள்ளபடியே நடக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கினார்கள். அந்த நிர்வாகத்தின் தலைவர் ராபர்ட் ஹார்ட் என்ற பிரிட்டிஷ்காரர். அவருக்கு இந்தக் கரையில் சிலைகூட இருந்தது. போர்க்காலத்தில் காணாமல் போய்விட்டது.

1901-ல், வெளிநாட்டவரை எதிர்த்த பாக்ஸர் கலகத்துக்காக வல்லரசுகளுக்குக் கட்ட வேண்டிய நஷ்டஈடு 45 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி. அதற்கும் சுங்கம்தான் ஈடு, கூடவே உப்பு வரியும்.

மன்னராட்சியைக் கவிழ்த்த 1911 புரட்சி வரைக்கும் ஹார்ட்டின் ஆட்கள் வரியைக் கணக்குப் போடுவார்கள்; பணம் சீன அதிகாரிகள் கையில் இருக்கும். புரட்சிக் குழப்பத்தில் அதுவும் மாறியது. வசூல் நேராக வெளிநாட்டு வங்கிகளுக்குப் போனது. தவணை போக மிஞ்சினால்தான் அரசுக்கு. சொந்த வரியில் மிச்சத்துக்குக் கை நீட்டும் அரசு!

1913-ல் சீனக் குடியரசின் தலைவர் யுவான் ஷிகாய் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே 2.5 கோடி பவுன் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். 100 பவுன் பத்திரத்துக்கு அரசுக்குக் கிடைத்தது 84. இந்த முறை முக்கிய ஈடு உப்பு வரி. அதை மேற்பார்க்க வந்த ரிச்சர்ட் டேன் நம் இந்தியாவில் உப்பு வரித் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்! வங்கியின் குவிமாடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்தால் மொசைக்கில் எட்டு நகரங்கள்; அதில் கல்கத்தாவும் உண்டு. பார்த்ததும் டேன்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

பெரிய சண்டை, கடன் தவணை போக மிஞ்சிய அந்தச் சுங்க உபரிக்குத்தான். தெற்கே கேன்டனில் (இன்றைய குவாங்சோ) பீக்கிங் அரசுக்குப் போட்டியாகத் தனி அரசு நடத்திய புரட்சித் தலைவர் சன் யாட்-சென் தன் பங்கைக் கேட்டார். முன்பு தெற்குக்கு 13.7 சதவீதம் தந்ததுண்டு, அப்புறம் நிறுத்திவிட்டார்கள். 1923 டிசம்பரில், உள்ளூர்ச் சுங்கத்தை நானே எடுத்துக்கொள்வேன் என்றார். பதிலாக வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் பத்துக்கும் மேல் கேன்டனுக்கு வந்து நின்றன. என்னைக் கேட்டால், சன் சோவியத் பக்கம் சாய்ந்ததில் இந்தக் கப்பல்களுக்கும் பங்குண்டு.

ஹார்ட்டுக்குப் பின் வந்த ஃபிரான்சிஸ் அக்லன், வல்லரசுகள் ஒப்பாத கூடுதல் வரியை வசூலிக்க முடியாது என்று மறுத்ததால் 1927 தொடக்கத்தில் பீக்கிங் அரசு அவரை நீக்கியது. இந்த மாளிகை திறந்தது அதே ஆண்டு டிசம்பரில். தன் சுங்க விகிதத்தைத் தானே வைக்கும் உரிமை சீனாவுக்கு 1929-ல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பான் மட்டும் 1930 வரை இழுத்தடித்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சுங்கத் துறையின் தலைமை நாற்காலியில் வெளிநாட்டவர்தான் இருந்தார்.