டில்லி விண்ணப்பமும் திருவிழா நோட்டீஸும்

மார்ச் 9
டில்லி தேசிய நாடகப் பள்ளியின் சேர்க்கை விதிகளைப் படித்து முடித்தேன். மூன்றாண்டுப் படிப்பு. நாடு முழுவதற்கும் சேர்த்து 32 இடங்கள். பட்டம் வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அதெல்லாம் இருக்கிறது. குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்றதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். கல்லூரி நாடகங்களுக்குச் சான்றிதழ் உண்டு. வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் விடிய விடிய ஆடிய கூத்துக்கு யாரிடம் சான்றிதழ் கேட்பது?

மார்ச் 12
கூத்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். துரியோதனன் கிரீடத்தை மடியில் வைத்து, உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகளைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியது; கையில் எடுத்தால் அத்தனை இலேசு. அந்த மரம் என்பதால்தான் இரவு முழுக்கத் தலையில் தாங்க முடிகிறது.

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து ஆடித் திருவிழா நோட்டீஸ்களை எடுத்துக் கொடுத்தார். மேலே அம்மன் படம், கூழ் வார்க்கும் நேரம், பந்தல் உபயம், ஒலி ஒளி அமைப்பு, கீழே பொடி எழுத்தில் 'இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து நடைபெறும்'. குழுவின் பெயர் சிலவற்றில் இருக்கிறது. ஆடியவர்களின் பெயர் ஒன்றிலும் இல்லை.

"ஊர் வாயில் நம் பெயர் இருக்கிறதே தம்பி, தாளில் எதற்கு?" என்றார்.

"டில்லிக்காரர்கள் நம் ஊர் வாயைக் கேட்க மாட்டார்களே வாத்தியாரே."

சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்தத் தெரு, எந்த ஆண்டு, நான் கட்டிய வேஷம் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஓரிடத்தில்கூட அவருக்குத் தடுமாற்றம் இல்லை. கீழே கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார்.

மார்ச் 15
இரண்டு நாளாக இதே நினைப்பு. வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை என்ற பழைய நாடகக் கொட்டகையில் ஆடிய எத்தனை நடிகர்களின் பெயர் நமக்குத் தெரியும்? கூத்துக் குழு நடத்துகிறவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: நோட்டீஸில் இன்னும் இரண்டு வரி சேர்த்து, வேஷம் கட்டுகிறவர்களின் பெயரைப் போடுங்கள். அடுத்து விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைக்கு அதுதான் ஆவணம்.

மே 18
முதல் கட்டத் தேர்வு முடிந்தது. செவ்வியல் நாடக வசனம் ஒன்று, நவீன நாடக வசனம் ஒன்று, பிறகு ஒரு பாட்டு. காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பெரியம்மாவிடம்தான் அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்கப் பழகியிருந்தேன். அதனால் தொண்டை கட்டவில்லை. கூத்தில் வேஷக்காரன் திரைக்குப் பின்னாலிருந்து தன்னை அறிவித்துக்கொண்டு வருவதைச் செய்துகாட்டச் சொன்னார்கள். திரை பிடிக்க ஆளில்லை. இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு ஆடினேன்.

ஜூன் 11
டில்லியில் நடக்கும் இறுதிப் பயிலரங்குக்கு அழைப்பு வந்துவிட்டது! தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று.

முதலாண்டில் எல்லோருக்கும் பொதுப் பாடம். இரண்டாம் ஆண்டில் நடிப்பா, வடிவமைப்பும் இயக்கமுமா என்று பிரிக்கிறார்கள். நான் இரண்டாவதைத்தான் கேட்கப் போகிறேன். அம்மாவுக்கு மனத்தாங்கல்: "நடிக்கப் போகிறான் என்றுதானே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்." கிரீடம் செதுக்கவும் விளக்கு வைக்கவும் தெரிந்தவர்கள் நம் பக்கம் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று சொன்னேன். பாதி மனதாகத் தலையாட்டினாள். டில்லி கைகூடாவிட்டால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலுள்ள நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அதற்கான நுழைவுத் தேர்வையும் எழுதி வைத்திருக்கிறேன்.