பவர்பொயின்ட் பைல் ஏன் இவ்வளவு பாரம்?

வந்தாறுமூலைக் கம்பஸிலோ ஒலுவில் கம்பஸிலோ படிக்கிற பிள்ளைகள் கடைசி நேரத்தில் பிரசன்டேசனை அனுப்பப் போனால் ஜிமெயில் 25 எம்பியில் மறித்துவிடும். அந்த 25ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். இணைக்கும்போது பைல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீங்கும். 18 எம்பிக்குள் வைத்திருங்கள். ஸிப் பண்ணிப் பார்ப்பது வீண் வேலை, ஏனென்றால் பிபிடிஎக்ஸ் என்ற பவர்பொயின்ட் பைலே ஒரு ஸிப்தான்.

அதுவே நமக்கு வசதியும்கூட. பைலைப் பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள பிபிடிஎக்ஸை ஸிப் என்று மாற்றித் திறந்து, பிபிடி என்ற போல்டருக்குள் மீடியாவைப் பாருங்கள். அளவுப்படி அடுக்கினால் குற்றவாளி மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று படங்கள்தான்.

வீடியோ என்றால் பைல், இன்போ, கொம்பிரஸ் மீடியா போய் 720பி தெரிவு செய்தால் போதும்.

போட்டோதான் வழக்கமான வில்லங்கம். போனில் எடுத்த கல்லடிப் பாலத்தின் படம் 4000 பிக்சல் அகலம் இருக்கும். அதை மூலையில் பிடித்து 3 அங்குலமாக இழுத்தாலும், ஓரங்களை வெட்டினாலும், முழுப் படமும் உள்ளேயே கிடக்கும். 150 பிபிஐயில் (அங்குலத்துக்கு 150 பிக்சல்) அந்த 3 அங்குலத்துக்கு 450 பிக்சல் தாராளம். படத்தைத் தொட்டு, பிக்சர் போர்மட்டில் கொம்பிரஸ் பிக்சர்ஸை அழுத்துங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற சரியை எடுத்துவிட்டு, 'வெட்டிய பகுதிகளை நீக்கு' என்பதற்குச் சரி போட்டு, 150ஐத் தெரியுங்கள். அளவு அசையவே இல்லையா? பைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்டில் 'படங்களைச் சுருக்காதே' என்பதற்குச் சரி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிஎன்ஜியாக வந்த போட்டோ அதற்குப் பிறகும் கனக்கும். ஜேபெக்காக மாற்றித் திரும்ப வையுங்கள்.

எக்செலில் இருந்து ஒட்டிய வரைபு சிலவேளை முழு வேர்க்புக்கையும் இழுத்துவரும். இனித் திருத்தமாட்டீர்கள் என்றால் படமாக ஒட்டுங்கள்.

எழுத்துருவில் மட்டும் அவசரப்பட வேண்டாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பைலில் எம்பெட்டை, அதாவது எழுத்துருவைப் பைலுக்குள்ளேயே சேர்த்து வைப்பதை, நீக்கினால், பாமினி இல்லாத கொம்பியூட்டரில் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். 'பயன்படுத்திய எழுத்துகள் மட்டும்' என்பதைத் தெரிந்தால் அளவும் குறையும், தமிழும் தப்பும். யூனிகோடில், நிர்மலா யூஐயில் அடித்திருந்தால் எம்பெட்டே தேவையில்லை. விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது.

சுருக்கியதை வேறு பெயரில் சேமியுங்கள், சேமித்து மூடிய பிறகு பழைய தெளிவு திரும்பாது. மாவட்ட வரைபடம், ஸ்கேன் பண்ணிய அட்டவணை போன்றவற்றில் சின்ன எழுத்துக் கலங்கினால், மூலப் பைலில் மற்றப் படங்களை ஒவ்வொன்றாக 150இல் சுருக்கி, இந்த வரைபடத்தையும் அட்டவணையையும் மட்டும் 220இல் விடுங்கள்.