கால் புண்ணுக்குப் போட்ட ஊசி

மருந்தைக் கரைத்து ஊசியில் ஏற்றிவிட்டேன். பென்சிலின் வகை, முதல் தடவை.

"மருந்து ஏதும் அலர்ஜியோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை."

மனம் கேட்கவில்லை. வேறு மாதிரிக் கேட்டேன். "முந்தி எப்பவாவது ஊசி போட்டு உடம்பு கடிச்சு, தடிச்சதோ?"

சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி யோசித்தார்.

"தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வில, சாவகச்சேரியில இருக்கேக்க கால் புண்ணுக்கு ஒரு ஊசி போட்டவை. போட்ட கையோட முகமெல்லாம் வீங்கி, மூச்சு எடுக்கேலாமல் போச்சு. பயத்தில எண்டு நினைச்சன்."

என்ன ஊசி என்று அவருக்குத் தெரியாது. பென்சிலினாக இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' எனக்குப் போதும். ஊசியை வைத்துவிட்டு டொக்டரிடம் ஓடினேன். மருந்து மாறியது.

அலர்ஜி என்பது எங்களுடைய சொல். எங்கள் அம்மாக்களிடம் அது கடி, தடிப்பு, மூச்சுமுட்டு என்றுதான் இருக்கிறது. சிலர் வயிற்றோட்டத்தையும் அலர்ஜி என்பார்கள். அது பெரும்பாலும் பக்கவிளைவு. பிரித்துக் கேட்காவிட்டால் நல்ல மருந்தொன்றை வீணாக இழந்துவிடுவோம்.

எவ்வளவு வேலை இருந்தாலும் முதல் ஊசி போட்டபின் கட்டிலடியில் கொஞ்ச நேரம் நிற்பேன். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அதற்குப் போடும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வன்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து என்றால் இன்னும் பொறுமை வேண்டும். 1 கிராம் ஏற்றக் குறைந்தது 100 நிமிடம். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்துவிடும்.

அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோக, 'பென்சிலின் அலர்ஜியாக இருக்கலாம்' என்று சிவப்பு மையால் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பெரிசா எழுதித் தாங்கோ பிள்ளை. மகளுக்கும் இப்ப கண் தெரியிறேல்லை."