வாக்கெட் இல்லை, வாக்ட்

ஆங்கில இறந்தகால வினை நடத்தும்போது, கடைசியில் வரும் 'ஈடி'க்கு (-ed) மூன்று உச்சரிப்பு என்று அட்டவணை போட்டுத்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் ஒன்றே ஒன்று போதும்: 'இட்' எப்போது தனி அசையாக வரும்? வினை, டீ (t) அல்லது டி (d) எழுத்தின் ஒலியில் முடிந்தால் மட்டும். வான்ட், வான்டிட். நீட், நீடிட். மற்ற இடங்களில் அசை கூடாது. ஹெல்ப் ஓரசை, ஹெல்ப்ட்டும் ஓரசைதான். அசைக்கு ஒரு தட்டு என்று கைதட்டச் சொல்லுங்கள். 'ஹெல்பெட்' என்பவர் இரண்டாவது தட்டில் தானே நின்று யோசிப்பார்.

அப்புறம் தொண்டையில் விரல் வைக்கச் சொல்லலாம். 'லிவ்' கடைசிவரை அதிரும், அதனால் முடிவும் அதிர்கிற டி. 'வாக்' அதிராமல் முடியும், அங்கே டீ. எழுத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவார்கள். 'லாஃப்' ஜிஹெச்சில் முடிந்தாலும் ஒலி எஃப்தான், ஆகவே லாஃப்ட். இதில் கொஞ்சம் பிசகினாலும் கேட்பவருக்குப் புரியும், நான் வற்புறுத்துவதில்லை.

தனியாகச் சொல்ல நாக்கு வரவில்லையா? உயிரொலியில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேர்த்துவிடுங்கள். 'ஸ்டாப்ட் இட்' தானாக 'ஸ்டாப்-டிட்' ஆகிவிடும்.

நேக்கிட் (naked), விக்கிட் (wicked, கிரிக்கெட் விக்கெட் இல்லை!) போன்ற பெயரடைகள் இந்த விதிக்கு அடங்காது. யாராவது கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.