கூட்டக் கூடாத இரண்டு ஜிபிக்கள்

"இந்தக் கம்ப்யூட்டரில் மொத்தம் எவ்வளவு மெமரி இருக்கிறது? சொல்லுங்கள் தம்பி."

செய்முறைத் தேர்வின் கடைசிக் கட்டம், வாய்மொழிக் கேள்விகள். மேசை மேல் பக்கவாட்டு மூடி கழற்றிய கேபினெட். மதர்போர்டில் 8 ஜிபி ரேம் இரண்டு செருகியிருந்தது. கிராஃபிக்ஸ் கார்டின் ஸ்டிக்கரில் இன்னொரு 8 ஜிபி. எட்டும் எட்டும் பதினாறு, இன்னொரு எட்டு. "24 ஜிபி, சார்" என்றேன், சற்றுப் பெருமையாகவே.

வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி. பிரவுசரில் நூறு டேப் திறக்கிறேன். ரேம் 16 ஜிபியும் நிரம்பிவிட்டது. மிச்சம் இருக்கிற டேப் எல்லாம் கார்டில் போய் உட்கார்ந்துகொள்ளுமா?"

எனக்கு வாய் திறக்கவில்லை. அவர் தாளில் ஏதோ எழுதினார். தலைகீழாகப் பார்த்தபோதே அது நல்ல மதிப்பெண் இல்லை என்று தெரிந்துவிட்டது.

தேறிவிட்டேன், அது வேறு கதை. ஆனால் அதே தவறைச் சொந்தக் கம்ப்யூட்டரில் காசு கொடுத்துச் செய்திருக்கிறேன் என்பது அன்று மாலைதான் உறைத்தது. என்னுடையது 4 ஜிபி கார்டு. விளையாட்டில் ஒரு குறிப்பிட்ட தெருமுனையில் திரும்பினால் படம் அரை வினாடி உறைந்து நிற்கும். மெமரி போதவில்லை போலிருக்கிறது என்று 16 ஜிபி ரேமை 32 ஆக்கினேன். தெருமுனையில் திரும்பினேன். அதே அரை வினாடி.

அடுத்த தாளுக்குப் படிக்கத் தொடங்கியபோது வரையறைகளை மனப்பாடம் செய்வதை முதலில் நிறுத்தினேன். "ரேம் என்பது தற்காலிக நினைவகம், வீரேம் என்பது கிராஃபிக்ஸுக்கான நினைவகம்" என்று எழுதினால் இரண்டு மதிப்பெண் வரலாம். தேர்வாளர் கேட்டது போன்ற கேள்விக்கு அது துளியும் உதவாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பொருளின் பின்னால் போனேன்: விளையாட்டில் வரும் ஒரு செங்கல் சுவரின் படம். அது எங்கே கிளம்பி, எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் போகிறது?

சேமிப்பகமான எஸ்எஸ்டியில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் அந்தப் படம் பெரும்பாலும் முதலில் ரேமுக்கு வருகிறது. பிராசசர் அதை விரிக்கிறது. பிறகு மதர்போர்டையும் கார்டையும் இணைக்கும் பிசிஐஇ என்ற பாதை வழியாகக் கார்டுக்குப் போய் வீரேமில் தங்குகிறது. அதன்பின் சுவர் திரையில் தெரியும் வரை, ஒவ்வொரு ஃபிரேமுக்கும், வினாடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ, கார்டில் இருக்கும் சிப் அதை அங்கிருந்தே படித்துக்கொள்கிறது. இப்போது வேகங்களைப் பாருங்கள். டிடிஆர்4-3200 வகை ரேம் இரண்டு சேனலில், அதாவது பிராசசருக்குப் போகும் இரண்டு பாதைகளில், ஓடினால் வினாடிக்கு 51.2 ஜிபி. 16 லேன் (தரவு ஓடும் தடம்) கொண்ட பிசிஐஇ 4.0 ஸ்லாட்டில் ஒரு திசையில் ஏறத்தாழ 32 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற நடுத்தரக் கார்டின் 12 ஜிபி வீரேமோ வினாடிக்கு 360 ஜிபி தருகிறது.

360, 51.2, 32. இந்த மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டியிருந்தேன். வீரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் ஒரு பகுதியை ரேமில் வைத்துச் சமாளிக்கிறது. அப்போது சிப்புக்குத் தேவையான படம் 360 ஓடும் இடத்திலிருந்து வராமல், 32 மட்டுமே நுழையக்கூடிய வாசல் வழியாக வரவேண்டியிருக்கிறது. தெருமுனையில் நான் பார்த்த அரை வினாடி அதுதான். நான் காசு போட்டுப் பெரிதாக்கியது கிடங்கை. நெரிசல் இருந்ததோ வாசலில்.

எதிர்த்திசையில் இந்த உதவியும் கிடையாது. வழக்கமான அமைப்பில் பிரவுசர் டேப்கள் வீரேமில் போய் உட்காருவதில்லை. ரேம் நிரம்பினால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலைத்தான் (ரேமில் இடமில்லாதவற்றை வைக்கும் கோப்பு) தேடிப் போகும், பக்கத்தில் கார்டில் 8 ஜிபி சும்மா கிடந்தாலும். கார்டு ரேமிடம் கடன் வாங்கலாம். ரேம் கார்டிடம் வாங்க முடியாது. ஒருவழிக் கடன். இந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் அன்று வாய்மூடி நின்றிருக்க மாட்டேன்.

என் பக்க நியாயம் ஒன்றும் உண்டு. கூட்டிக் காட்டுவதில் விண்டோஸும் கூட்டாளி. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறந்தால் டெடிகேட்டட் (கார்டின் சொந்த வீரேம்) என்று ஒன்று, ஷேர்டு என்று ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒன்று என மூன்று எண்கள் தெரியும். 32 ஜிபி ரேமும் 4 ஜிபி கார்டும் இருந்த என் கம்ப்யூட்டரில் மொத்தம் கிட்டத்தட்ட 20 ஜிபி என்று காட்டியது. ஷேர்டு என்பது பொதுவாக ரேமில் பாதி வரை கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்பு மட்டுமே. யாரும் அங்கே எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. வேலை ஓடும்போது டெடிகேட்டட் கோடு உச்சியைத் தொட்டு, ஷேர்டு கோடு மெல்ல ஏறத் தொடங்கினால் கார்டு திணறுகிறது என்று பொருள். படிப்பவர்கள் இதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள். பத்துப் பக்கம் படிப்பதைவிட அந்தக் கோடு ஏறுவதைப் பார்ப்பது மேல்.

கையால் கணக்குப் போட்டதும் உதவியது. பெரிய மானிட்டர் வாங்கினால் அந்தத் திரையே வீரேமைத் தின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட்: 82,94,400 பைட், அதாவது 8 எம்பி சொச்சம். 4கே திரைக்கும் 33 எம்பிதான். 8 ஜிபி கார்டில் இது எந்த மூலைக்கு? தின்பது அந்தச் சுவர்ப்படம்தான். 4096 × 4096 அளவில், சுருக்காமல், புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஒரு படமே 64 எம்பி. கார்டு படிக்கக்கூடிய வகையில் நான்கில் ஒன்றாகச் சுருக்கினாலும் 16 எம்பி. சுவருக்கு நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று இரண்டு மூன்று படங்கள் வேண்டும். தெருவில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். (திரை பெரிதானால் இடைநிலை வேலைகளுக்கான இடமும் கூடும் என்பது உண்மை. ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை.) ஏஐ மாடல்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்கும் இதே கணக்குதான்: 700 கோடி எண்கள் கொண்ட மாடல், ஒவ்வொன்றும் 16 பிட் என்றால் 14 ஜிபி, 4 பிட்டாகக் குறைத்தால் 3.5 ஜிபி. ஓடும்போது தேவைப்படும் இடம் இதற்கு மேல் தனி.

பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ரேமில் வருவது டிடிஆர் வகை மெமரி, கார்டில் வருவது பெரும்பாலும் ஜிடிடிஆர் வகை. "ஜிடிடிஆர்6 என்பது டிடிஆர்5-க்கு அடுத்த தலைமுறை, சரியா தவறா?" என்று கேட்டால் பாதிப் பேர் சரி என்று போட்டுவிட்டு நகர்வார்கள். தவறு. ஜிடிடிஆர்5 போட்ட கார்டுகள் 2008-லேயே வந்துவிட்டன. டிடிஆர்5 தரநிலை வெளியானது 2020-ல். இரண்டும் தனித்தனி வம்சம். பிராசசருக்குச் சிறு சிறு துணுக்குகள் சட்டென்று கிடைக்க வேண்டும். கிராஃபிக்ஸ் சிப்புக்குத் துணுக்கு சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை, வண்டி வண்டியாக வந்து கொட்ட வேண்டும். அதனால்தான் ஜிடிடிஆர் சில்லுகளைச் சிப்பைச் சுற்றிலும் நெருக்கமாக, கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிடுகிறார்கள். ஜிடி 1030 இதற்கு நல்ல உதாரணம். 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியுடன் வந்தது. 2018-ல் அதே பெயரில், அதே 2 ஜிபியில், சாதாரண டிடிஆர்4 போட்டு ஒன்று வந்தது. முதலாவது வினாடிக்கு 48 ஜிபி, இரண்டாவது 16.8. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 2 ஜிபி மட்டும்தான்.

கார்டில் ஏன் 10, 12 என்று வினோதமான எண்கள் வருகின்றன என்பதும் எளிய வகுத்தல்தான். ஒவ்வொரு மெமரி சில்லும் 32 பிட் அகலம். ஆர்டிஎக்ஸ் 3060-இல் சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதையின் (பஸ்) அகலம் 192 பிட். ஆக ஆறு சில்லு, ஒவ்வொன்றும் 2 ஜிபி, மொத்தம் 12. அதன் அண்ணனான 3060 டிஐ-க்கு 256 பிட். எட்டுச் சில்லு, ஒவ்வொன்றும் 1 ஜிபி, மொத்தம் 8. ஆனால் வேகம் அண்ணனுக்கே அதிகம்: 256 பிட்டை ஒரு பின் (இணைப்புக் கால்) வினாடிக்குத் தரும் 14 ஜிகாபிட்டால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 448. தம்பிக்கு 192 × 15 ÷ 8 = 360. ஜிபி அதிகம் இருப்பது ஒன்று, வேகமாக இருப்பது இன்னொன்று. இந்தச் சூத்திரத்தை மறக்காதீர்கள். தேர்வில் கேட்காவிட்டாலும் கார்டு வாங்கும்போது தேவைப்படும்.

ரேம் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடு வெட்டு வேறு இடத்தில், மாற்றிப் பொருந்தாது. வேகத்தை எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பு மூலம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) இயக்காவிட்டால், விளம்பரத்தில் போட்ட வேகம் பெரும்பாலும் கிடைக்காது. சிஎல் எண்ணை (கேட்ட தரவு வர ரேம் எடுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை) தனியாகப் பார்த்து ஏமாறாதீர்கள்: 3200-இல் சிஎல்16, 6000-இல் சிஎல்30, இரண்டுமே 10 நானோ வினாடிதான்.

கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் என்னிடம் கேட்டால் ஒரே பதில்தான் சொல்வேன். ரேமை 16 ஜிபியில் நிறுத்திவிட்டு, மிச்சப் பணத்தைக் கார்டில் போடுங்கள். ஸ்லாட் காலியாக இருந்தால் ரேமை அடுத்த ஆண்டும் சேர்க்கலாம். பற்றவைத்த வீரேமை எந்த ஆண்டும் சேர்க்க முடியாது. வீடியோ எடிட்டிங், பெரிய தரவு வேலை என்றால் ரேமின் பங்கு ஏறும், மறுக்கவில்லை.

அடுத்த தாளின் செய்முறைத் தேர்வில் வேறு தேர்வாளர். மேசையில் கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத கம்ப்யூட்டர்; பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் ஒரு சிறிய விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிடிஆர்4-3200, 8 ஜிபி ரேம் இரண்டு. அணைத்தார், ஒன்றைக் கழற்றினார், மறுபடி போட்டார். படம் தடுமாறத் தொடங்கியது. டாஸ்க் மேனேஜரைக் காட்டினார்: 8 ஜிபியில் இன்னும் 2 ஜிபி காலி.

"இடம் இருக்கிறதே. பிறகு ஏன் தடுமாறுகிறது?"

"இடம் குறையவில்லை சார், வழி குறைந்துவிட்டது. இதற்குத் தனி வீரேம் இல்லை; பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே ரேமில்தான் கைவைக்கின்றன. ஒன்றைக் கழற்றியதால் இரண்டு சேனல் ஒன்றாகி, 51.2 ஜிபி 25.6 ஆகிவிட்டது."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கழற்றிய ரேமை என்னிடம் நீட்டினார். முதல் ரேம் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் இருந்தது. வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து நான்காவதில் வைத்து, கிளிப் சத்தம் கேட்கும் வரை அழுத்தினேன்.