பழைய 1.0.0 போகவே மாட்டேன் என்கிறது
மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டொட்நெட்டில் (.NET) நூலகம், அதாவது பிற செயலிகள் எடுத்தாளும் நிரல்தொகுப்பு, எழுதுபவர்கள் என்றாவது ஒருநாள் இந்தச் சுவரில் முட்டியே தீருவார்கள். நிரலைத் திருத்தி, பொதியை மீண்டும் கட்டி, செயலியை ஓட்டினால் பழைய பிழையே பல்லை இளிக்கும்.

காரணம் எளிது. நூலகங்களைப் பொதிகளாக எடுத்துத் தரும் கருவியான நியூகெட் (NuGet) ஒரு பொதியை முதன்முறை எடுக்கும்போதே, பயனர் கோப்புறைக்குள் தனக்கென ஓர் இடத்தில், அதாவது தேக்ககத்தில் (cache), பிரித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பார்ப்பது பெயரையும் பதிப்பு எண்ணையும்தான். 1.0.0 ஏற்கெனவே இருக்கிறதா? போதும். பக்கத்துக் கோப்புறையில் நீங்கள் சுடச்சுடக் கட்டிய புதிய 1.0.0 கிடந்தாலும் திறந்துகூடப் பார்க்காது. இதைப் பழுது என்று திட்டுவதில் நியாயமில்லை. ஒருமுறை வெளியிட்ட பதிப்பு மாறாது என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது.

யாரைக் கேட்டாலும் எல்லாத் தேக்ககத்தையும் துடைக்கும் கட்டளையைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். உப்புவெளியில் கைபேசி டேட்டாவை நம்பி வேலை செய்யும் எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. சம்பந்தமே இல்லாத பொதிகளும் மறுபடி இறங்கும். எங்களோடு வேலை செய்யும் தம்பி அந்தக் கட்டளையைத் தட்டச்சுச் செய்து முடிக்குமுன் கையைப் பிடித்துவிட்டேன். தேக்ககத்தில் அந்த ஒரு பொதியின் 1.0.0 கோப்புறையை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் எடுக்கச் சொன்னேன். திருத்தம் உடனே வந்தது.

இதைவிட நல்லது, ஒவ்வொரு முறை கட்டும்போதும் முன்வெளியீட்டு எண்ணை (1.0.1-beta.1, 1.0.1-beta.2 என்பது போல) ஒன்று ஏற்றிவிடுவது. நூலகமும் செயலியும் ஒரே கணினியில் இருந்தால், பொதிக்குப் பதிலாக நூலகத்தின் திட்டக் கோப்பையே செயலியிலிருந்து நேரடியாகச் சுட்டிவிடலாம் என்பது என் கட்சி. ஆனால் பொதிக்குள் ஒரு கோப்பு விடுபட்டால் அந்த வழியில் தெரியவராது.