புதிதாய்ச் செய்த பழைய போர் விமானங்கள்

1982-ல் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களைத் தேடி இந்தியா வந்த பீட்டர் வேச்சர் என்ற ஆங்கிலேயர், காசியில் பனாரஸ் இந்து பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெட்டவெளியில் கிடந்த ஒரு ஹாக்கர் ஹரிக்கேன் போர் விமானத்தைப் பார்த்தார். பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக எப்போதோ கொடுத்தது. எண் ஆர்4118. பின்னால் விசாரித்தால், அது 1940-ல் பிரிட்டன் வான்போரில் 49 முறை பறந்து ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய விமானம்! கேட்டு, பேசி, அனுமதி வாங்கி, 2001-ல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 2004 டிசம்பரில் அது மறுபடி பறந்தது. அந்தக் காலத்தில் அதை ஓட்டிய பாப் ஃபாஸ்டர் அப்போது உயிரோடு இருந்தார், அவரே வந்து பார்த்தார்.

இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. "அசல் விமானம் என்றால் இதுதான், புதிதாகச் செய்வதெல்லாம் பொம்மை" என்று பல வருஷம் பிடிவாதமாக வாதாடியவன் நான். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் என் மனதைக் கலைத்தது ஒரு ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேனைப் போல அதுவும் பிரிட்டனின் போர் விமானம். எண் பி9374. 1940 மே 24 அன்று பிரான்சில் காலே கடற்கரையில் வயிற்றால் இறங்கியது, மணல் அதை விழுங்கிவிட்டது, நாற்பது வருஷம் கழித்து 1980-ல் மணல் விலகி மேலே தெரிந்தது. 2011-ல் பறந்தது. 2015-ல் லண்டன் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டுக்குப் போனது. எல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: உப்புத் தண்ணீரிலும் மணலிலும் நாற்பது வருஷம் ஊறிய அலுமினியத்தை நம்பி யாராவது 400 கிலோமீட்டர் வேகத்தில் குட்டிக்கரணம் போடுவார்களா? போட மாட்டார்கள், போடவும் கூடாது. அப்படியானால் இன்று பறக்கும் விமானத்தின் இறக்கைத் தண்டு, மேல்தகடு, ஆயிரக்கணக்கான ரிவெட் எல்லாம் பெரும்பாலும் நம் காலத்தில் செய்தவை. பழைய விமானத்திலிருந்து அதற்குள் வந்து சேர்ந்தவை எஞ்சிய சில பாகங்களும், அந்த எண்ணும், அந்த வரலாறும்தான். அந்த வேலையைச் செய்தவர்களின் கைத்திறன் மீது எனக்குத் துளியும் குறை இல்லை. ஆனால் 'மீட்டெடுத்த அசல்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு புதுச் சரக்கு அடங்கியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கொசு விமானத்தின் கதை இன்னும் குழப்பமானது. டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோவைத்தான் சொல்கிறேன், அது மர விமானம். பிர்ச் ஒட்டுப்பலகைக்கு நடுவே பால்சா கட்டையை வைத்து, அச்சின் மேல் வளைத்து ஒட்டி, உடலை நீளவாக்கில் இரண்டு பாதியாகச் செய்து, உள்ளே வேண்டியவற்றில் பாதியைப் பொருத்திவிட்டு, அப்புறம்தான் இரண்டையும் சேர்ப்பார்கள். கனடாவில் செய்த கேஏ114 போருக்குப் பிறகு ஆல்பர்ட்டாவில் ஒரு விவசாயியிடம் போய், மழையிலும் பனியிலும் கிடந்து மக்கிப்போனது. நியூசிலாந்தில் கிளின் பவல் என்பவர் வருஷக்கணக்கில் உழைத்து அந்த உடலுக்கான அச்சுகளைப் புதிதாக உண்டாக்கினார். அதில் வார்த்த புதிய மர உடலோடு, பழைய விமானத்தின் உலோகப் பாகங்களைச் சேர்த்து, ஆக்லாந்து பக்கம் ஆர்ட்மோரில் கட்டி முடித்து 2012-ல் பறக்கவிட்டார்கள். மரம் அத்தனையும் புதிது. ஒரு மர விமானத்தில் மரம் புதிது என்றால் மிச்சம் என்ன? ஆனால் அதை நகல் என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை, ஏனென்றால் அந்த அச்சில் பலகையை எப்படி வளைப்பது என்ற வித்தை உலகத்தில் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தது. அது திரும்பி வந்திருக்கிறது. அதே அச்சுகளின் புண்ணியத்தில் அடுத்தடுத்து வேறு மஸ்கிட்டோக்களும் பறந்தன.

இனி ஒளிவுமறைவே இல்லாமல் புதிதாகச் செய்தவை. மெஸ்ஸர்ஷ்மிட் மீ 262, ஜெர்மனி செய்த, உலகின் முதல் போர்க்கள ஜெட். அமெரிக்காவில் ஒரு குழு, பென்சில்வேனியாவில் கடற்படைத் தளம் ஒன்றில் பல காலம் நின்றிருந்த அசல் இரண்டு இருக்கை விமானத்தை இரவல் வாங்கிப் பிரித்து, அளந்து, அதைப் பார்த்து ஐந்து விமானங்கள் செய்யக் கிளம்பியது. கைமாறாக அசலைச் செப்பனிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் புது விமானம் 2002 டிசம்பரில் பறந்தது. மெஸ்ஸர்ஷ்மிட் அறக்கட்டளையே இவற்றுக்கு 1945-ல் நின்ற இடத்திலிருந்து தொடரும் வரிசை எண்களைக் கொடுத்தது, அது பெரிய மரியாதை.

அதன் காணொளியை முதன்முதலில் பார்த்தபோது நான் துள்ளிக் குதித்தேன், பிறகு எஞ்சின் என்ன என்று தெரிந்ததும் மனம் சுருங்கிவிட்டது. உள்ளே இருப்பது அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் சிஜே610. அசல் எஞ்சினான ஜூமோ 004-ன் உருவத்தில் ஒரு கூட்டை வார்த்து, இந்தச் சின்ன எஞ்சினை அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பக்கத்து நியாயம் மிக வலுவானது. சூடு தாங்கும் உலோகத்துக்கு வேண்டிய நிக்கலும் குரோமியமும் கிடைக்காத போர்க்கால ஜெர்மனியில் செய்த ஜூமோவின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம். அதற்குள் கழற்றி வேறு மாட்டவேண்டும். அப்படி ஓர் எஞ்சினை நம்பி இன்று ஒரு விமானியை மேலே அனுப்ப முடியாது.

ஃபோக்கவுல்ஃப் 190 என்ற ஜெர்மன் போர் விமானத்துக்கும் இதே கதி. ஜெர்மனியின் ஃப்ளூக் வெர்க் நிறுவனம் இருபது விமானங்கள் அளவுக்குப் புதிதாகச் செய்தது, அழகான வேலை. ஆனால் அசலான பிஎம்டபிள்யூ 801-க்குப் பதில் சோவியத் வடிவமைப்பான ஏஎஸ்ஹெச்-82. இரண்டும் 14 சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் எஞ்சின்கள், கொள்ளளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் மூக்குக்குள் பொருந்திக்கொள்கிறது. கிழக்குப் போர்முனையில் 190-ஐத் துரத்திய சோவியத் லாவோச்கின் விமானங்களின் எஞ்சின் அது! பகைவனின் இதயத்தை எடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உள்ளே என்னவோ செய்கிறது. அதனால்தான் லெனின்கிராட் பக்கத்துக் காட்டில் 1989-ல் கண்டெடுத்து, பிஎம்டபிள்யூ எஞ்சினோடே பறக்கவைத்த அந்த ஒரு 190-ன் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

சரி, அப்படியானால் அசல்களையே பறக்கவிடலாமே? அதற்குத்தான் 'பிளாக் 6' என்ற மெஸ்ஸர்ஷ்மிட் 109 ரக ஜெர்மன் போர் விமானத்தை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். 1942-ல் லிபியாவில் பிடிபட்டது, 1972-லிருந்து ஏறத்தாழ இருபது வருஷம் ஒரு சிறு குழு தங்கள் ஓய்வு நேரத்தையெல்லாம் கொட்டிச் செப்பனிட்டு 1991-ல் பறக்கவிட்டது. 1997 அக்டோபரில், இனி பறக்க வேண்டாம் என்று அருங்காட்சியகத்துக்கு அனுப்ப இருந்த நேரத்தில், இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் கடைசிக் காட்சியில் தலைகீழாகக் கவிழ்ந்தது. நல்லவேளை, விமானி பிழைத்தார். 2022 நவம்பரில் டாலஸ் கண்காட்சியில் அந்த நல்லவேளை கிடைக்கவில்லை. போர்க்காலத்து பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்றும் பி-63 போர் விமானம் ஒன்றும் வானத்தில் மோதி ஆறு பேர் இறந்தார்கள். புதிதாய்ச் செய்ததும் விழும், அதிலும் மனிதர் சாவார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் விமானம் என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், புதியது உடைந்தால் வரைபடம் இருக்கிறது, மறுபடி செய்யலாம். 1942-ல் ஒரு தொழிலாளி அடித்த ரிவெட்டும் அன்று பூசிய வண்ணமும் போனால் போனதுதான்.

ஆகவே என் கருத்து இது: போர்க்கால உலோகம் பெருமளவு மிஞ்சியிருக்கும் விமானங்கள் தரையில் இருக்கட்டும், பறக்கும் வேலையைப் புதியவை செய்யட்டும், எதில் எவ்வளவு புதிது என்பதைப் பக்கத்தில் பலகை வைத்து எழுதிவிடட்டும்.

'புதியது' என்று சொல்ல யாரும் வெட்கப்படத் தேவையில்லை. இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களை வைத்து ஒரு சோப்வித் டிரிப்ளேன் செய்தார்கள், முதல் உலகப் போரின் மூன்றடுக்கு இறக்கை விமானம், எஞ்சின் மட்டும் அந்தக் காலத்து கிளெர்ஜே. வேலையின் தரத்தைக் கண்ட தாமஸ் சோப்வித், ஆம், அந்த நிறுவனத்தைத் தொடங்கிய அதே சோப்வித், இது நகல் அல்ல, தாமதமாக வந்த உற்பத்தி என்று சொல்லி, தன் தொழிற்சாலை வரிசையில் அடுத்த எண்ணை அதற்குக் கொடுத்தார். 1989-ல் 101 வயதில் அவர் மறைந்தார். விமானம் 1992-ல் பறந்தது.

நியூசிலாந்தில் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் விண்டேஜ் ஏவியேட்டர் நிறுவனம் எஞ்சினையும் விடவில்லை. 1910-களின் ஓபருர்சல் ரோட்டரி எஞ்சினையே புதிதாகச் செய்தார்கள். விசிறியோடு சேர்ந்து எஞ்சின் முழுக்கச் சுழலும், ஆமணக்கெண்ணெய்ப் புகையும் உண்டு. அங்கே அது முடியும் என்றால், நல்ல உலோகத்தில் ஒரு புதிய ஜூமோவை யாராவது வார்க்க மாட்டார்களா? மீ 262-ன் அந்தப் பொய்க்கூட்டுக்குள் அதை மாட்டி ஒரு முறை கிளப்பிக் கேட்க வேண்டும்.